வெள்ளைப் புள்ளி வரைக்கும்

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். பாட்டுக் கேட்க எது நல்லது, காதுக்கு அச்செடுத்துச் செய்கிற இயர்போனா, காதையே மூடுகிற பெரிய ஹெட்போனா? நான் பதில் சொல்லாமல், "கண்ணாடி போடுவீங்களா?" என்று திருப்பிக் கேட்பேன். முக்கால்வாசிப் பேருக்கு விஷயம் அதிலேயே முடிந்துவிடும்.

பெரிய ஹெட்போனில் பாட்டு வெளியே இருக்கும். எதிரே ஒரு மேடை போட்டு அதில் ஆட்களை நிறுத்திவைத்தது போல. காற்றோட்டம் உண்டு, பக்கத்தில் இருப்பவர் கூப்பிட்டால் கேட்கும், பிடிக்கவில்லையென்றால் ஒரு காதை விலக்கிக்கொள்ளலாம். ஆனால் கனம். கண்ணாடிக் காம்பைப் பொட்டில் அழுத்தும். அச்செடுத்த இயர்போன் வேறு மாதிரி. பாட்டு மண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வெளிச்சத்தம் வராது. வெளிச்சத்தம் வராததால் குறைந்த ஒலியிலேயே எல்லாம் கேட்கும், ஆகவே காதுக்குப் பாதுகாப்பு. இதை நான் இருபத்திரண்டு வருடமாக வாடிக்கையாளர்களுக்குச் சொல்லி வருகிறேன். பொய்யில்லை. ஒழுங்காகச் செய்திருந்தால் அது உண்மைதான்.

நீங்கள் எழுதிக்கொள்வதால் நிதானமாகவே சொல்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

என் தொழில் காது பார்ப்பது. டாக்டர் இல்லை. காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்து, கேட்காதவர்களுக்குக் கருவி செய்து கொடுப்பவன். கடையில் மூன்று அறை. முன்னால் மேசை, பின்னால் பட்டறை, நடுவில் கண்ணாடி வைத்த சத்தம் புகாத அறை. அதற்குள் ஆளை உட்கார வைத்து, மெல்லிய சத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்புவேன். கேட்டால் அவர் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பேன்.

என் மனைவி ஒலிக்காப்பகத்தில் வேலை பார்த்தாள். பழைய ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்யும் வேலை. கீறல், இரைச்சல், பாடகர் எச்சில் விழுங்கியது, யாரோ நாற்காலியை இழுத்தது, எல்லாவற்றையும் காதால் கண்டுபிடித்து எடுக்க வேண்டும். திரையில் அலை அலையாகத் தெரியுமாம், ஆனாலும் கடைசியில் காதுதான் என்பாள். அங்கே அவளுக்குப் 'பாம்புச்செவி' என்று பெயர். மேலதிகாரி உட்பட எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் முடித்த வேலையைக் கடைசியாக ஒரு தடவை இவள் கேட்டால்தான் வெளியே போகும்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் பாட்டுக் கேட்போம். ஒரே ஒலிப்பெட்டி, அதில் இரண்டு துளை, இரண்டு பெரிய ஹெட்போன். சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வோம். அவள் என் முழங்கையைத் தொட்டு, "இப்ப மூச்சு எடுத்தா பாருங்க, கேட்டுச்சா?" என்பாள். கேட்டது என்பேன். பதினைந்து வருடம் அப்படிப் போனது. முதல் பத்து வருடம் நிஜமாகவே கேட்டது.

பிறகு ஒரு நாள், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், நானே அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து என்னைச் சோதித்துக்கொண்டேன். கோடு பாதி தூரம் நேராகப் போய், பிறகு மாடிப்படி மாதிரி இறங்கியது. உச்சத்துச் சத்தங்கள் போய்விட்டன. குருவி, சாவிக்கொத்து, 'ஸ' என்ற எழுத்து, இவையெல்லாம் இருக்கும் இடம் அது. வயதா, பரம்பரையா தெரியாது. தாளைக் கிழித்துப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. காது பார்ப்பவனுக்குக் காது போய்விட்டது என்று தெரிந்தால் யார் படியேறுவார்கள்? அவளிடமும் சொல்லவில்லை. முழங்கையைத் தொட்டால், கேட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

அவளுக்குத் தெரிந்திருந்தது. எப்போதிலிருந்து என்று தெரியாது. என் மச்சினி வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தோம். அவளுடைய தங்கை. எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். என் மனைவி தான் சுத்தம் செய்த ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினாள். முந்தின வாரம் எனக்கு வீட்டில் போட்ட அதே பாட்டு. அதில் ஒரு சின்ன மணிச்சத்தம் வரும் என்று அப்போது சொல்லியிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் சரியா பிடிப்பார் பாருங்க. என்னங்க, மணி வர்றப்ப கைய தூக்குங்க."

இடம் எனக்கு நினைவிருந்தது. இரண்டாவது அடி முடிந்ததும் கையைத் தூக்கினேன்.

"இதுல மணியே இல்லீங்க. நேத்தே எடுத்துட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கண்ணில் நீர் வரும் வரை சிரித்துவிட்டு, என் தோளில் கை வைத்து, "காது பாக்குறவருக்கே காது கேக்கல, பாவம்" என்றாள். செல்லமாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு மச்சினி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன அத்தான், மணி அடிச்சுதா?" என்று கேட்பாள். கல்யாண வீட்டில் கேட்டாள். என் தாயார் இறந்த பத்தாம் நாள் கேட்டாள். நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது, கேட்ட பிறகுதான் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அதனால்தான் செய்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. ஒரு கேலிக்காக அப்படிச் செய்கிறவன் இல்லை நான்.

அதற்கு அடுத்த வருடம் அவளுக்குத் தலைவலி தொடங்கியது. கண்ணாடிமேல் ஹெட்போனை ஆறேழு மணி நேரம் போட்டால் பொட்டு விண் விண்ணென்று தெறிக்கும். போதாக்குறைக்கு அவள் அறையில் ஏர்கண்டிஷனர் பழையது, லாரி மாதிரி உறுமும். பக்கத்து மேசைக்காரி நாள் முழுக்கப் போனில் சம்பந்தியைத் திட்டுவாள். அவளே கேட்டாள்.

"எனக்கும் அச்செடுத்து ஒண்ணு செஞ்சு தாங்களேன். ஊருக்கெல்லாம் செய்றீங்க."

அச்செடுப்பது எப்படியென்று சொல்ல வேண்டும். முதலில் நூல் கட்டிய பஞ்சைக் காதுக்குள் ஆழமாக வைக்க வேண்டும், செவிப்பறையை அது காக்கும். பிறகு இரண்டு நிற மாவைப் பிசைந்து குழலில் அடைத்துக் காதுக்குள் பீச்ச வேண்டும். ஐந்து நிமிடம் அசையக் கூடாது, பேசக் கூடாது. இரண்டு காதும் அடைத்துவிடும். அந்த ஐந்து நிமிடமும் என் மனைவி நாற்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதோ சொன்னேன். என்ன என்று புருவத்தை உயர்த்தினாள். ஒன்றுமில்லை என்று கையசைத்தேன். அந்த நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான், அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் இல்லை.

முதலில் நேர்மையாகத்தான் செய்தேன். மூன்று வாரம் உழைத்தேன். என் கையிலிருந்து வெளியே போனதிலேயே நல்ல ஜோடி அது. அவள் போட்டுக்கொண்டாள். பாட்டு முடிந்த பிறகுதான் கழற்றினாள்.

"நீங்க எனக்கு செஞ்சதுலயே பெருசு இதுதாங்க."

அதற்குள் பதினெட்டு வருடம் சேர்ந்து வாழ்ந்திருந்தோம்.

அடுத்த ஞாயிறு நான் இரண்டு ஹெட்போனையும் எடுத்து வைத்தேன். அவள் இயர்போனை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்க நாற்காலிக்குப் போய்விட்டாள். நான் மூன்று முறை கூப்பிட்டேன். காபி வேண்டுமா என்று கேட்கத்தான். மூன்றாவது முறை எழுந்துபோய்த் தோளைத் தொட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"சேர்ந்து கேக்கலாமே" என்றேன்.

"அதுல இனிமே எனக்கு கேக்க முடியாதுங்க. இதுல அவ்வளவு இருக்கு. உங்களுக்கு என்ன, எதுல கேட்டாலும் ஒண்ணுதானே."

கோபமாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்பது போலச் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள். நான் ஒரு ஹெட்போனை எடுத்து உள்ளே வைத்தேன்.

எப்படிச் செய்தேன் என்பது உங்களுக்குத் தேவைப்படும். கடினமான வேலை இல்லை. காதுக்குள் காற்றுப் புகாமல் பொருந்தினால்தான் அடிச்சத்தம், அந்தக் கும்மென்ற சத்தம், தங்கும். இயர்போனின் ஓட்டில் மயிரிழை அளவுக்கு ஒரு துளை இருந்தால் அது கசிந்துவிடும், பாட்டு ஒல்லியாகக் கேட்கும். கேட்பவர் என்ன செய்வார்? ஒலியைக் கூட்டுவார். அடிச்சத்தம் திரும்பி வரும். கூடவே மேலே உள்ள எல்லாமும் ஏறும். காதைத் தின்பது அந்த மேலே உள்ளதுதான்.

ஒரேயடியாகச் செய்திருந்தால் பாம்புச்செவி அன்றைக்கே பிடித்திருப்பாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அழுக்கெடுத்துத் தருகிறேன் என்று வாங்குவேன். ஒவ்வொரு முறையும் ஓர் இழை.

"கொஞ்சம் ஒல்லியா இருக்கே" என்று இரண்டு முறை சொன்னாள்.

"நாப்பதுக்கு மேல காது தளரும். எல்லாருக்கும் உள்ளதுதான்."

அதுவும் பொய்யில்லை.

அவள் கவனமானவள். எவ்வளவு வரை கூட்டலாம், காதுக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டாள். கருவி வைத்து அளந்து, அவள் வேலைக்குக் கொண்டுபோகும் சின்ன ஒலிப்பெட்டியின் குமிழில் நகப்பூச்சால் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துக் கொடுத்தேன். இதுவரைக்கும் தாராளமாக வைக்கலாம் என்றேன். ஒவ்வொரு முறை அழுக்கெடுக்கும்போதும் அந்தப் புள்ளியையும் அழித்து மறுபடி வைப்பேன், கொஞ்சம் வலப்பக்கமாக. எட்டு மணி நேரத்துக்கு எண்பத்தைந்து டெசிபெல் என்பது எங்கள் தொழிலில் உள்ள அளவு. இரண்டாவது வருடக் கடைசியில் புள்ளி தொண்ணூற்றேழில் இருந்தது. அந்த அளவில் அரை மணிக்கு மேல் ஆகாது. அவள் ஆறு மணி நேரம் கேட்டாள். புள்ளியை ஒரு நாளும் தாண்டியதில்லை. அவள் பக்கத்து அறைக்காரர்கள் சொல்லியிருப்பார்களே, புள்ளியைத் தாண்டினால் வீட்டுக்காரர் திட்டுவார் என்று சிரிப்பாளாம்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை காதுச் சோதனைக்கும் என்னிடம்தான் வருவாள். வேலையிடத்தில் அந்தத் தாளைக் கேட்பார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, பொத்தானில் கட்டைவிரலை வைத்துக் காத்திருப்பாள். நான் சத்தத்தை அனுப்புவேன். விரல் அசையாது. இன்னும் கொஞ்சம் கூட்டுவேன். அப்போதும் அசையாது. பிறகு அசையும். நான் முதல் வருடத்துத் தாளைப் பார்த்து அதே புள்ளிகளை வைப்பேன்.

மூன்றாவது வருடம் காதுக்குள் ஙொய் என்று ஏதோ கேட்கிறது என்றாள். அலுப்பு என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் சுத்தம் செய்து அனுப்பிய ஒரு பதிவு திரும்பி வந்தது. பாட்டு முழுவதும் மெல்லிய இரைச்சல் ஓடுகிறது, எப்படி விட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் இன்னொன்று. அவள் பாதிநாள் விடுப்புப் போட்டுவிட்டு நேராகக் கடைக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னொரு தடவ பாருங்க. எனக்கு ஏதோ ஆயிடுச்சு."

பார்த்தேன். அவள் கோடும் மாடிப்படி மாதிரி இறங்கியிருந்தது. என்னுடையதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இல்லாத சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

"காது நல்லாத்தான் இருக்கு. நீதான் கவனத்த விடுற" என்றேன்.

"அப்ப மனசுதான் சரியில்லையா?"

"கொஞ்ச நாள் லீவு போடு."

அன்று கடையில் உட்கார்ந்து அழுதாள். தனக்கு மறதி நோய் வருகிறதோ என்று பயந்தாள், அவள் அப்பாவுக்கு அது இருந்தது. தூக்கத்துக்கும் நரம்புக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டாள். மேலதிகாரி அவளைப் பட்டியல் எழுதும் பிரிவுக்கு மாற்றினார். அங்கே காதே தேவையில்லை. பாம்புச்செவி என்று கூப்பிடுவதை எல்லோரும் சொல்லிவைத்தாற்போல நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். நான் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். அந்தச் சமயங்களில் நான் அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தேன் என்று அவளையே கேளுங்கள். மறுக்கமாட்டாள்.

மச்சினிதான் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். காதுதான் போயிருக்கிறது, மனசு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் முகத்தில் நிம்மதி இருந்தது. பைத்தியம் இல்லை என்று தெரிந்த நிம்மதி. திடீரென்று ஏதோ நோய் வந்து அடித்துவிட்டது என்று நினைத்தாள். என்னை ஒரு கணம்கூடச் சந்தேகப்படவில்லை. காதுக்கருவியை நான்தான் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். செய்தேன். அதை ஒழுங்காகச் செய்தேன். யாரை வேண்டுமானாலும் வைத்து அளந்து பாருங்கள்.

அதற்குப் பிறகு வந்த எட்டு மாதம் போல எங்கள் வாழ்க்கையில் வேறு காலம் இல்லை. கடைத்தெருவில் யாராவது பேசினால், "என்ன சொன்னாங்க?" என்று என் பக்கம் திரும்புவாள். நான் அவள் முகத்துக்கு நேராக நின்று திருப்பிச் சொல்வேன். போன் வந்தால் என்னிடம் கொடுப்பாள். மச்சினி வீட்டுக்குப் போனால் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். மச்சினியும் மணியைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிறு, உள்ளே வைத்திருந்த ஹெட்போனை எடுத்துத் துடைத்து இரண்டையும் சோபாவில் வைத்தேன். அவள் கருவியைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பழைய பாட்டு ஒன்றைப் போட்டேன். பாடகி மூச்செடுக்கும் இடம் வந்ததும் நான் அவள் முழங்கையைத் தொட்டேன்.

"கேட்டுச்சா?"

அவள் என்னைப் பார்த்தாள். "கேட்டுச்சு" என்றாள்.

கேட்டிருக்காது. எனக்குத் தெரியும், எனக்கே கேட்கவில்லை. ஆனால் நான் சிரிக்கவில்லை. நாலு பேரைக் கூப்பிட்டுச் சொல்லவும் இல்லை. அவளுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். வேலையிடத்தில் நஷ்டஈட்டுக்கு விண்ணப்பிக்கப் பழைய சோதனைத் தாள்களை ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அவளே அலமாரியிலிருந்து எடுத்துக் கோப்பில் அடுக்கிக் கொண்டுபோனாள். அங்கே காது சோதிக்கிற பெண், சின்ன வயதுதான், ஏழு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்திருக்கிறாள். ஏழிலும் எல்லாப் புள்ளியும் ஒரே இடத்தில். எந்த மனிதக் காதும் ஏழு முறை அப்படிக் கேட்காது. இடக்காதில் ஒரு புள்ளியை முதல் வருடம் கைதவறிக் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தேன். ஏழு தாளிலும் அதே அளவு தள்ளி வைத்திருக்கிறேன். பிறகு இயர்போனைக் கொண்டுவரச் சொல்லி, அதில் உள்ள துளையையும் அளந்திருக்கிறாள். கெட்டிக்காரப் பெண். என்னிடம் வேலைக்கு வந்திருந்தால் நன்றாக வந்திருப்பாள்.

சுற்றி வளைப்பானேன். துளையை நான்தான் போட்டேன். பதினொரு முறை. புள்ளியை நான்தான் நகர்த்தினேன். காது போய்க்கொண்டிருப்பது முதல் ஆறு மாதத்திலேயே எனக்குத் தெரியும், அப்போது நிறுத்தியிருந்தால் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். நிறுத்தவில்லை. பைத்தியம் என்று அவள் தன்னையே நினைத்துக்கொண்டபோதும் சொல்லவில்லை. யாரும் தூண்டவில்லை, குடித்திருக்கவில்லை, கோபத்திலும் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் வஞ்சம் என்று எழுதாதீர்கள். அவளைத் தனியாக ஓர் இடத்துக்குப் போகவிட எனக்கு மனமில்லை. பிரிந்து போகிறவளைக் கையைப் பிடித்து நிறுத்துவதில்லையா, அது போலத்தான். போன வாரம் அவள் என்னைப் பார்க்க இங்கே வந்தபோதும் இதைத்தான் சொன்னேன்.

வாசலில் இருக்கும் உங்கள் காவலர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் இரண்டு காதிலிருந்தும் கருவியைக் கழற்றி, அதன் சின்னப் பெட்டியில் வைத்து மூடி, மேசைமேல் வைத்தாள். அன்று புழுக்கமாக இருந்தது. வியர்வை பட்டால் அது கெட்டுவிடும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

நாற்பது நிமிடம் பேசினேன். ஒன்றையும் மறைக்கவில்லை. மணியைப் பற்றி, ஜன்னல் பக்க நாற்காலியைப் பற்றி, அந்த எட்டு மாதத்தைப் பற்றி, எல்லாவற்றையும் மனம் விட்டுச் சொன்னேன். இருபது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்ததில் நான் அவளிடம் அவ்வளவு பேசியதில்லை. குறுக்கே ஒரு வார்த்தை அவள் பேசவில்லை. நான் வாயை மூடியதும் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, பெட்டியைத் திறந்து, கருவியை ஒவ்வொன்றாகக் காதில் மாட்டினாள்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள். நான் சொன்ன எதையும் அவள் மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.